பையன் கேக்குறது ஆறடி ரேம்ப், நீங்க கட்டிக் குடுக்க வேண்டியது மூணடி

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு. ரெண்டு வருஷமா ஸ்கேட்போர்டே கதின்னு இருக்கான். வீட்டுக்குப் பின்னாடி காலியா கெடக்குற எடத்துல பெருசா ஒரு ஹாஃப் பைப் ரேம்ப், அதாவது ரெண்டு பக்கமும் வளைஞ்சு ஏறுற ஓடுதளம், கட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எடம் 34 அடி நீளம், 18 அடி அகலம். அவனே படம் வரைஞ்சிருக்கான், ரெண்டு பக்கமும் 6 அடி உயரத்துல கால் வட்டம், நடுவுல 4 அடி சமதளம், அகலம் 8 அடி. அவங்க அப்பாவுக்கு மர வேலை ஓரளவு தெரியும், அவரும் இப்ப பையன் கட்சி. சரக்கு அடுக்குற பேலட் கட்டைங்க சும்மா கெடைக்குது, ஆணி அடிச்சு முடிச்சிடலாம்ங்கிறாரு. எனக்கு பயமா இருக்கு சார். கை கால் ஒடஞ்சா? மழையில ஊறிப் போனா? பக்கத்து வீட்டுல சண்டைக்கு வந்தா? வேண்டாம்னு சொல்லலாம், ஆனா சொன்னா ரோட்டுல போய் ஓட்டுவான். 7 வயசு பொண்ணு வேற எனக்கும் வேணும்ங்கிறா.

பதில்:

வணக்கம்மா. ரேம்ப் கட்டுறது தான் என் பொழப்பு, அதனால "வேண்டாம்"னு நான் சொல்லுவேன்னு எதிர்பாக்காதீங்க. கட்டுங்க. ஆனா தம்பி வரைஞ்ச படத்த மட்டும் கட்டாதீங்க.

அந்த படத்துல என்ன கோளாறுன்னு மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா உங்க பயத்துல பாதிக்கு பதில் அதுலயே இருக்கு. உயரம் 6 அடி, அதுவும் கால் வட்டம். கால் வட்டம்னா ரேடியஸும் 6 அடி தான். ரேடியஸும் உயரமும் ஒண்ணா இருந்தா வளைவு மேல போய் முடியற எடத்துல செங்குத்தா நிக்கும், சுவர் மாதிரி. போட்டியில காட்டுற வெர்ட் ரேம்ப்புல தான் அந்த மாதிரி செங்குத்து வரும், அதெல்லாம் 13, 14 அடி உயரம், வளைவும் அதுக்கேத்த மாதிரி பெருசா நிதானமா ஏறும், அதுல ஓட்டுறவங்க வருஷக்கணக்கா சின்ன ரேம்ப்புல பழகிட்டு வந்தவங்க. ஆறடிக்குள்ள அதை அமுக்கி வெச்சா வளைவு ரொம்ப இறுக்கமா ஆயிடும், போர்டு ஏறும்போதே காலை மடக்கி வாரிப் போட்டுடும்.

இன்னொண்ணு அந்த 4 அடி சமதளம். ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க, பையனுக்கு பிசிக்ஸ் பாடத்துல இருக்கும். உராய்வை விட்டுட்டா 6 அடி உயரத்துல இருந்து எறங்குறவன் கீழ வரும்போது மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல இருப்பான், அதாவது நொடிக்கு கிட்டத்தட்ட 6 மீட்டர். 4 அடிங்கறது 1.2 மீட்டர். அப்ப அந்த சமதளத்தை தாண்ட அவனுக்கு கெடைக்கிற நேரம் ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்கு. அதுக்குள்ள ஒடம்ப நேராக்கி, காலை சரி பண்ணி, எதிர்ல வர்ற வளைவுக்கு தயாராகணும். நடக்காது. அதே 3 அடி உயரம், 8 அடி சமதளம்னு மாத்துங்க, கீழ வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர், கெடைக்கிற நேரம் அரை நொடிக்கு மேல. கேக்க சின்ன வித்தியாசமா தெரியும், ஆனா மினி ரேம்ப்புல ஓட்ட வருதா வரலையான்னு முடிவு பண்றதே அந்த அரை நொடி தான். உயரம் ரெண்டு மடங்கானா விழற அடியோட சக்தியும் ரெண்டு மடங்கு, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

அதனால என் அளவு இது: உயரம் 3 அடி, ரேடியஸ் 7 அடி, நடுவுல சமதளம் 8 அடி, ரெண்டு பக்கமும் மேல நிக்கிற மேடை 4 அடி, அகலம் 12 அடி. இந்த அளவுல வளைவு மேல முடியற எடத்துல சாய்வு 55 டிகிரி தான் இருக்கும், பயமுறுத்தாது, ஆனா சப்புன்னும் இருக்காது. தரையில ஒவ்வொரு வளைவும் 5 அடி 9 இன்ச் நீளம் எடுக்கும், மொத்தமா கூட்டினா இருபத்தேழரை அடி. உங்க 34 அடியில ரெண்டு முனையிலயும் மூணடிக்கு கொறையாம எடம் மிச்சம், அகலத்துலயும் பக்கத்துக்கு 3 அடி மிச்சம், சுத்தி நடக்கலாம், அடியில பாக்கலாம், துடைக்கலாம். ஆறடி ரேம்ப்பை ஒழுங்கான அளவுல கட்டணும்னா ரேடியஸ் 9 அடி வேணும், சமதளம் 12 அடியாவது வேணும், மேடையோட சேத்து கிட்டத்தட்ட 37 அடி வந்துடும், உங்க எடத்துல உக்காராது. இதை தம்பிகிட்ட காட்டுங்க, அம்மா பயப்படுறாங்கன்னு சொன்னா அவன் சண்டை போடுவான், எடம் பத்தலைன்னா அவனே டேப்பை எடுத்து அளந்து பாத்துட்டு வந்துடுவான்.

உயரத்தை பாதியாக்கினதுக்கு அகலத்துல அவனுக்கு ஈடு குடுத்துடுங்க. 8 அடி அகலத்துல நேரா போயி நேரா வரத்தான் முடியும், கொஞ்சம் கோணலா போனா ஓரத்துல இருந்து கீழ விழுவான். 12 அடின்னா திரும்பலாம், வளைவோட மேல் விளிம்புல வர்ற பைப்புல தேச்சுகிட்டு போகலாம். நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, உயரமான ஒடுக்கு ரேம்ப்பை விட குட்டையான அகல ரேம்ப்பு தான் கேப்பாங்க.

சரி இப்ப உங்க வீட்டுக்காரருக்கு. அண்ணே, பேலட் கட்டையை சட்டத்துக்கு தொடாதீங்க. என்ன மரம்னு தெரியாது, ஒரு கட்டை தடிமனா இருக்கும் ஒண்ணு மெலிசா இருக்கும், ஏற்கனவே ஆணி போன ஓட்டையில பொளந்துக்கும், உள்ள ஒடஞ்ச ஆணி இருந்தா ரம்பம் போயிடும். பின்பக்கம் அடைக்க, பெஞ்சு பண்ண, போர்டு மாட்டி வெக்க எடுத்துக்கோங்க, அதுக்கு நல்லாவே இருக்கும். ஆணியும் வேண்டாம். ரேம்ப்புங்கறது நாள் முழுக்க அதிர்ற சாமான், அந்த அதிர்ச்சியில ஆணி மெல்ல மெல்ல மேல கெளம்பி வரும், வந்து நிக்கிற எடம் பையன் முழங்கால் தேயுற எடமா இருக்கும். எல்லாமே ஸ்க்ரூ தான், அதுவும் வெளிப்புற வேலைக்கான துரு பிடிக்காத ஸ்க்ரூ. ஜிப்சம் போர்டுக்கு போடுற கருப்பு ஸ்க்ரூ இருக்கு பாருங்க, அது பக்கவாட்டு இழுப்புக்கு பட்டுனு முறியும், விலை கொறைவா இருக்கேன்னு வாங்கிடாதீங்க. ஸ்க்ரூல முடிச்சா இன்னொரு லாபம், நாலு வருஷம் கழிச்சு பையன் வேற ஊருக்கு படிக்கப் போயிட்டா கழட்டி யாருக்காவது குடுத்துடலாம்.

வளைவை வெட்டுறது எப்படின்னா, பக்கப் பலகைக்கு 18 மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் எடுத்துக்கோங்க. வளைவு போட கயிறு கட்டி வரையாதீங்க, கயிறு இழுபடும், ஒவ்வொரு தடவையும் வேற வேற கோடு வரும். நேரான ரீப்பர் கட்டை ஒண்ணு எடுத்து ஒரு முனையில ஆணி, சரியா 7 அடி தள்ளி பென்சில், தரையில படுக்க வெச்சு சுத்துங்க. மொத பலகையை ஜிக்சாவுல நிதானமா வெட்டி, உப்புத்தாள் போட்டு, கையால தடவிப் பாத்து மேடு பள்ளம் இல்லைன்னு ஆன பிறகு அதையே அச்சா வெச்சு மத்த எல்லாத்தையும் வரைங்க. ஒவ்வொண்ணையும் தனித்தனியா அளந்து வரைஞ்சா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது, மேல பிளைவுட் போட்டப்புறம் அலை அலையா தெரியும். எல்லாரும் மறக்குற ஒரு விஷயம் இருக்கு, வளைவோட அடி நுனி தரையில போய் ஜீரோவா முடியக் கூடாது. நடு சமதளத்துக்கு போடுற சட்டத்தோட உயரம் எவ்வளவோ, நாலுக்கு ரெண்டு கட்டைன்னா இழைச்சப்புறம் மூணரை இன்ச், அந்த அளவு வளைவை மேல தூக்கி வரையணும். அப்ப தான் வளைவும் சமதளமும் ஒரே மட்டத்துல சேரும். அந்த சேர்ற எடத்துல ஒரு சின்ன முறிவு இருந்தாலும் கால்ல தெரியும், ஒவ்வொரு ரவுண்டுலயும் தெரியும்.

12 அடியையும் ஒரே பெட்டியா பண்ணாதீங்க, 4 அடி அகலத்துல மூணு பெட்டி பண்ணி போல்ட்டு போட்டு சேருங்க, ரெண்டு பேர் தூக்கலாம். குறுக்கு கட்டை 8 இன்ச்சுக்கு ஒண்ணு, கட்டையை படுக்க போடாம நிக்க வெச்சு போடணும். கட்டை மிச்சம் பண்றேன்னு 16 இன்ச்சுக்கு ஒண்ணு போடுறவங்க இருக்காங்க, கொஞ்ச நாள்ல மேல்பலகை கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல தொங்க ஆரம்பிச்சிடும், அப்புறம் சக்கரம் ஓடுறப்ப தடதடன்னு இருக்கும். மேடைக்கு கிட்ட மேல வர்ற கட்டை ரெட்டையா இருக்கட்டும், பைப்பு உக்கார்ற எடம் அது, இருக்குறதுலயே அதிகமா அடி வாங்குற எடமும் அது தான்.

மேல பரப்புக்கு 18 மில்லிமீட்டர் பலகை ஒண்ணே போட்டா என்னன்னு அண்ணன் கேப்பாரு. அது 7 அடி ரேடியஸுக்கு வளையாது, மல்லுக்கட்டி வளைச்சாலும் ஸ்க்ரூவை பிச்சுகிட்டு எந்திரிக்கும். 9 மில்லிமீட்டர் பிளைவுட் ரெண்டு அடுக்கு போடுங்க. கீழ் அடுக்கோட மூட்டு மேல மேல் அடுக்கோட மூட்டு வராம தள்ளித் தள்ளி போடணும். வளைவு, சமதளம் எல்லாம் சேத்து பரப்பு கிட்டத்தட்ட 258 சதுர அடி வருது, 8க்கு 4 ஷீட்டு ஒரு அடுக்குக்கு கணக்குப்படி எட்டுக்கு கொஞ்சம் மேல, வெட்டு சேதாரத்தோட 9 வாங்குங்க. அதுக்கும் மேல ஓடுதளமா ஒரு மெல்லிசு அடுக்கு. ரெசின் ஏத்தின காகிதப் பலகை ரேம்ப்புக்குன்னே தயாராகுது, வெளியில போட அது தான் நல்லது, விலை தான் கடிக்கும். ஹார்டுபோர்டு வழவழன்னு அருமையா ஓடும், ஆனா ஒரு மழை போதும் உப்பிக்கும், கூரை இருந்தா மட்டும் போடுங்க. ரெண்டும் முடியலைன்னா நல்ல பிளைவுட்டையே பெயிண்ட் அடிச்சு ஓட்டுங்க, தேஞ்சா அந்த ஷீட்டை மட்டும் மாத்திக்கலாம். ஸ்க்ரூ தலை எல்லாம் பலகைக்குள்ள ஒரு மயிரிழை அமுங்கி இருக்கணும், வெளிய துருத்தவே கூடாது, இதுல சமரசம் இல்ல.

கோப்பிங்னு சொல்ற மேல் பைப்பு ஸ்டீல்ல போடுங்க, வெளி விட்டம் 60 மில்லிமீட்டர் வர்ற பைப்பு. பிளாஸ்டிக் பைப்பு வேண்டாம், போர்டோட உலோக அச்சு அதை சீவித் தள்ளிடும். (அந்த பைப்பு எதுக்குன்னா, 1970கள்ல கலிபோர்னியாவுல வறட்சி வந்து தண்ணி இல்லாம கெடந்த நீச்சல் குளத்துக்குள்ள எறங்கி பசங்க ஓட்டினாங்க, குளத்தோட விளிம்புக் கல்லுல தேச்சுகிட்டு போறது பழக்கமாச்சு, அந்த விளிம்புக்கு பதிலா தான் இது. அப்புறம் 80களோட ஆரம்பத்துல இன்சூரன்ஸ் தொல்லையில அங்க நெறைய ஸ்கேட் பார்க் மூடிட்டாங்க, பசங்க வீட்டுக்குப் பின்னாடி மரத்துல கட்ட ஆரம்பிச்சாங்க. உங்க பையன் பண்றது புதுசு ஒண்ணும் இல்லம்மா.) பைப்பு மேடைக்கு மேலயும் வளைவுக்கு முன்னாடியும் 6ல இருந்து 10 மில்லிமீட்டர் தான் துருத்தணும். அதிகமாச்சுன்னா எறங்குறப்ப பின்சக்கரம் மாட்டி பையன் தலைகுப்புற போவான், கொறஞ்சா அச்சு பிடிமானம் இல்லாம வழுக்கும். வீட்டுல கட்டின ரேம்ப்பு நெறைய இந்த சில மில்லிமீட்டர்ல தான் கெட்டுப் போகுது, வேற எதையும் விட இதுக்கு நேரம் எடுத்துக்கோங்க, ஒரு கட்டையை அச்சா வெட்டி வெச்சுகிட்டு பைப்பு நீளத்துக்கும் வெச்சு வெச்சுப் பாருங்க.

மழை. எனக்கு தெரிஞ்சு மர ரேம்ப்பு ஓட்டி ஒடஞ்சதை விட நனைஞ்சு செத்தது தான் ஜாஸ்தி. மரம் மண்ணுல படவே கூடாது, கான்கிரீட் கல் வெச்சு அது மேல உக்கார வைங்க, கரையானுக்கும் அது தான் மொத தடுப்பு. கல் வெக்கும்போது ரசமட்டம் பாருங்க, அப்புறம் மூலைக்கு மூலை குறுக்க அளந்து ரெண்டு அளவும் ஒண்ணா வருதான்னு பாருங்க, வரலைன்னா சதுரம் இல்லைன்னு அர்த்தம், அங்கயே சரி பண்ணிடணும். பிளைவுட்டு தண்ணி குடிக்கிறது முகத்துல இல்ல, வெட்டு ஓரத்துல, அதனால ஒவ்வொரு பலகையும் வெட்டின உடனே ஓரத்துக்கு ரெண்டு கை பிரைமர் அடிச்சு காய வெச்சு அப்புறம் மாட்டுங்க. மாட்டினப்புறம் தூரிகை உள்ள போகாது. தார்ப்பாயை ரேம்ப்பு மேல அப்படியே ஒட்ட போத்தாதீங்க, அடியில வேர்த்து வேர்த்து மழையை விட மோசமா அழுகும், பைப்புக்கு பைப்பு நடுவுல கயிறு இழுத்து கூடாரம் போல தூக்கி கட்டுங்க, காத்து ரெண்டு பக்கமும் போகணும். ஈரத்துல ஓட்டவும் கூடாது, சக்கரம் பிடிக்காதுங்கறது ஒண்ணு, ஈர பலகை மேல சக்கரம் ஓடினா மேல்தாள் உரியும்ங்கறது இன்னொண்ணு.

பக்கத்து வீடு. சத்தம் வரத்தான் செய்யும், உள்ள காலியா இருக்குற மரப்பெட்டி, சக்கரம் ஓடும்போது உறுமும், போர்டு தெறிச்சு விழுந்தா டமார்னு கேக்கும். கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரப்பர் பட்டை வெச்சா தரை வழியா போற அதிர்வு கொறையும், பெட்டிக்குள்ள கட்டைக்கு நடுவுல ராக்வூல்னு சொல்ற கல்நார்ப் பஞ்சு மாதிரி இல்லாத, சத்தம் தடுக்குற பஞ்சைத் திணிச்சா அந்த உறுமல் அடங்கும், ஆனா அடியில காத்து போற வழியை அடைச்சிடாதீங்க, சத்தத்தை கொறைக்கப் போய் ஈரத்தை உள்ள பூட்டி வெச்ச கதை ஆயிடும். மிருதுவான சக்கரம் போட்டாலும் சத்தம் கொறையும், தம்பி ஒத்துக்க மாட்டான், மெதுவா போகுதும்பான். எதுவா இருந்தாலும் மொத கட்டை வெட்டுறதுக்கு முன்னாடி நீங்களும் அவரும் பக்கத்து வீட்டுக்குப் போய் சொல்லிட்டு, எத்தன மணியில இருந்து எத்தன மணி வரைக்கும்னு அவங்க வாயாலயே ஒரு நேரம் வாங்கிட்டு வந்துடுங்க. அப்புறம் யாரும் யோசிக்காத ஒண்ணு, மேடை மூணேகால் அடி உயரம், அது மேல பையன் நின்னா மதில் சுவருக்கு மேல தலை போகும், பக்கத்து வீட்டு ஜன்னல் நேரா தெரியும். நெறைய சண்டை சத்தத்துல ஆரம்பிக்கிறதில்ல, இதுல தான் ஆரம்பிக்குது. மேடைக்குப் பின்னாடி எப்படியும் கம்பி தடுப்பு போடத்தான் போறீங்க, பின்பக்கமா விழாம இருக்க மூணரை அடி உயரத்துக்கு அது கட்டாயம், அதையே அவங்க பக்கம் பலகை அடிச்சு மறைச்சுடுங்க, பேலட்டுக்கு ஒரு வேலையும் ஆச்சு. உங்க ஊர்ல இதுக்கு கட்டட அனுமதி வேணுமா, வீட்டு இன்சூரன்ஸ் என்ன சொல்லுதுன்னும் கேட்டுடுங்க, மேல போற கரண்ட் கம்பியும் அடியில போற குழாயும் எங்கன்னு பாத்துடுங்க.

கை கால் ஒடஞ்சான்னு கேட்டீங்க. ஒடையாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா. ஸ்கேட்போர்டுல விழுறவன் கையை ஊணித்தான் விழுவான், அடி பெரும்பாலும் மணிக்கட்டுல. ஆனா ரோட்டுல விழுறதுக்கும் இங்க விழுறதுக்கும் ரெண்டு வித்தியாசம், இங்க வண்டி வராது, வளைவுல விழுந்தா தட்டுனு நிக்காம வழுக்கிட்டு வருவான். முழங்கால் கவசத்தை போட்டுகிட்டு மண்டி போட்டு வழுக்குறதை மொத வாரம் முழுக்க பழகச் சொல்லுங்க, போர்டே இல்லாம, வளைவுல ஓடி ஏறி மண்டி போட்டு எறங்குறது. போர்டு வித்தையை விட அது தான் அவனை காப்பாத்தும். மணிக்கட்டு கவசம், முழங்கை கவசம், ஹெல்மெட். ஹெல்மெட் வாங்கும்போது உள்ள ஏஎஸ்டிஎம் எஃப்1492ன்னோ ஈஎன் 1078ன்னோ பாதுகாப்புத் தர நம்பர் எழுதியிருக்கான்னு பாருங்க. மொதல் நம்பர் ஸ்கேட்போர்டுக்குன்னே உள்ளது, பின்மண்டை வரைக்கும் மூடும், ரேம்ப்புல பின்னாடி விழுறது தான் அதிகம்ங்கறதால கெடைச்சா அதையே எடுங்க. ஒரு நேரத்துல ஒருத்தன் தான் ரேம்ப்புக்குள்ள. ஹெல்மெட் இல்லாதவனுக்கு மேடையில ஏற அனுமதி இல்ல, அவன் எவ்வளவு நல்லா ஓட்டினாலும். கூட்டாளி பசங்க வந்தா அவங்க வீட்டுல தெரியுமான்னு நீங்களே போன் போட்டு கேட்டுடுங்க. வாரா வாரம் ஒருநாள் பையனை செருப்பில்லாம கையில ஸ்க்ரூ டிரைவரோட ரேம்ப்பு முழுக்க மெல்ல நடக்க விடுங்க, கண்ணுக்கு தெரியாத ஸ்க்ரூ தலை பாதத்துக்கு தெரியும்.

பொண்ணு விஷயம். ஏழு வயசுக்கு இந்த மூணடியில மேல இருந்து எறங்கச் சொல்லாதீங்க, ஆனா தள்ளியும் வெக்காதீங்க. நடு சமதளத்துல நின்னு, முழங்காலை மடக்கி நிமித்தி, வளைவுல கொஞ்சம் ஏறி எறங்கி அப்படியே வேகம் சேக்குறது தான் மொத பாடம், அதுக்கு உயரம் எதுவும் தேவையில்ல. ஒரு அடி ஏறும், நாளைக்கு ஒன்றரை அடி ஏறும், அதுவா தான் வரும். அண்ணன் கூட்டாளிங்களோட ஓட்டுற நேரம் வேற, அவ நேரம் வேறன்னு பிரிச்சு விட்டுடுங்க, இல்லைன்னா அவளுக்கு மேடையில உக்காந்து வேடிக்கை பாக்குற வேலை தான் கெடைக்கும். ஹெல்மெட் மட்டும் அவ தலைக்கு அளந்து தனியா வாங்குங்க, அண்ணன் போட்டு பழசானது ஆடும், ஆடுற ஹெல்மெட்டு விழும்போது நெத்தியை விட்டு பின்னாடி போயிடும்.